வேலை முடிந்த வேளையில்... அம்மாவின் பெயரில் ஒரு இறுவட்டு



சென்ற இதழில் பழைய இலங்கை வானொலிப் பாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "அதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுத்தானே. எங்கட பிள்ளையள் அறைக்கதவைப் பூட்டிப்போட்டு டும் டும் எண்டு போடுற சத்தம் என்னெண்டு எழுதமாட்டியளோ?"

நியாயமான கேள்விதான். எமக்கு இசையில் பட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நாம். பகலில் பெல்ற்றில் வரும் பாணுக்குள் கோழித்துண்டு வைத்து மூடுகின்ற வேலை. ஆனால் காது இருக்கிறது. ஆகவே இம்முறை 'டும் டும்' இசையில் ஒரு இறுவட்டை எடுத்து, மூன்று முறை முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுகிறோம். அதன் பெயர் 'கலா'. 2007 இல் வந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். ஆம், எங்கள் பிள்ளைதான்.

யார் இந்த மாயா?

1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1986 இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாகத் திரும்பவும் லண்டனுக்கு வந்து இறங்கினார். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. (எமக்கெல்லாம் கிடைத்தது மிச்சம்தான் என்று அந்தப் பக்கத்துத் தமிழர் சிரிப்பார்கள்!) ஆங்கிலத்தை இங்கே வந்துதான் படித்தார். பிறகு சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி வரை போனார்.

தகப்பனார் அருளர். 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் என்றால் மூத்த வாசகர்களுக்கு உடனே விளங்கும். 2005 இல் வந்த முதல் இறுவட்டுக்கு மகள் வைத்த பெயர் 'அருளர்'. இரண்டாவதற்குத் தாயின் பெயரை வைத்தார். தகப்பன் அரசியலோடு போய்விட, தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தெடுத்த அம்மா அந்தக் கலா.

எம்.ஐ.ஏ. என்பதற்கும் ஒரு கதை உண்டு. போரில் காணாமற்போனவரைக் குறிக்க இராணுவத்தார் எழுதும் மூன்று எழுத்து அது. லண்டனில் அக்ரன் என்றொரு இடம் இருப்பதால் அதை வைத்தும் ஒரு சிலேடை செய்கிறார். காணாமற்போனவர் என்ற சொல் எங்கள் வீடுகளில் எப்படிப்பட்ட சொல் என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

இது என்ன இசை?

ஹிப்ஹொப் என்பது 1973 அளவில் நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியில் பிறந்தது. அதைத் தொடக்கிவைத்தவர் என்று சொல்லப்படுகிற கூல் ஹேர்க், ஜமேக்காவிலிருந்து பன்னிரண்டு வயதில் அங்கே குடியேறி வந்தவர். ஆக, இந்த இசைக்குத் தொட்டில் கட்டியதே புலம்பெயர்ந்து வந்த ஒரு பையன்தான்! ஒரு பாட்டிலே ட்றம்ஸ் மட்டும் தனியாக வரும் சில விநாடிகள் இருக்குமல்லவா? சனம் அந்த இடத்தில்தான் துள்ளி ஆடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதியை வைத்து, அந்த இடத்தையே மாறி மாறிச் சுழலவிட்டு நீட்டினார். அதற்கு மேலே தாளத்தோடு பேசுவது பின்னர் சேர்ந்தது. அதைத்தான் இன்று தமிழில் சொல்லிசை என்கிறார்கள். எமக்கு அதைக் கேட்டால் பஸ்நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்பவர் மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டு போவது ஞாபகம் வரும். அதுவும் ஒரு வித்தைதான்.

இலத்திரனியல் நடன இசை என்பது கணினியிலும் இயந்திரத்திலும் தாளத்தைக் கட்டுவது. பழைய பாட்டிலே ஒரு துண்டு, தெருச்சத்தத்தில் ஒரு துண்டு, மேளத்தில் ஒரு துண்டு என்று வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி ஓடவிடுவார்கள். வெட்டுவதும் பொருத்துவதும் தையற்காரர் வேலை. தையற்காரத் தாயின் மகள் துண்டு பொருத்திப் பாட்டுச் செய்கிறார் என்று நினைத்தபடி கேட்டால் இந்த இறுவட்டு சுலபமாக விளங்கிவிடும்.

கேட்டபோது...

மொத்தம் பன்னிரண்டு பாட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. முதல் முறை அதிகாலை வேலைக்குப் போகும் பஸ்ஸில், காதுக்குள் வைத்துக் கேட்டோம். இரண்டாம் முறை சமையலறையில், இறைச்சிக்கறி கொதிக்கும்போது. மூன்றாம் முறை ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளோடு இருந்து.

முதற்பாட்டு 'பம்பூ பங்கா'. ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ தூரத்துத் திருவிழாவிலிருந்து வருவது போல ஒரு பழக்கமான சத்தம். எங்கே கேட்டது, எங்கே கேட்டது என்று யோசித்து... அட! தளபதி! 1991 இல் இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. எமது வயதுக்காரருக்குத் தளபதிப் பாட்டு என்றால் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்ட காலம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாட்டும் இழுபடும். அந்தப் பாட்டு லண்டன்காரரும் அமெரிக்கரும் ஆடுகின்ற ஒரு பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உண்மையான 'காட்டுக்குயிலு'வைப் போட்டுக் காட்டினோம். "இது அந்தப் பாட்டைப் பார்த்து அடிச்சதோ?" என்று கேட்டார்கள். "இல்லை, அதுதான் இதைப் பார்த்து அடிச்சது" என்று சொல்லும்போது இருந்த பெருமையை எழுத்தில் தரமுடியாது.

இரண்டாவது 'பேர்ட் புளூ'. இதுதான் எம்மை உலுப்பிய பாட்டு. காரணம், உறுமி மேளம். எமது மலையகச் சொந்தங்களுக்கு உறுமியைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். ஒரு பக்கத்தில் தட்டுவார்கள், மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து இழுப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் மிருகம் உறுமுவது போன்ற சத்தம் வரும். மாயா சென்னைக்குப் போய், மேளக்காரரைக் கூப்பிட்டு, ஏ.ஆர்.ரகுமான் கொடுத்துதவிய கலையகத்தில் இதை ஒலிப்பதிவு செய்தார். 2003 இல் வந்த 'ஜெயம்' படப் பாட்டொன்றின் துண்டும் இதற்குள் உண்டு. அடுத்துவரும் 'போய்ஸ்' பாட்டிலும் அதே உறுமி. பஸ்ஸில் இதைக் கேட்டு எமது கால் தன்பாட்டில் ஆட, பக்கத்தில் இருந்த பெண் தள்ளி அமர்ந்துகொண்டார்!

'ஜிம்மி' ஒரு ஹிந்திப் படப் பாட்டு. 1982 இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்குப் பப்பி லகிரி போட்டது. சிறுவயதில் கொண்டாட்டங்களில் தான் ஆடிய பாட்டு என்று மாயா சொல்லியிருக்கிறார். எங்கள் ஊர்ச் சாமத்தியவீடுகளிலும் யாரோ ஒரு பிள்ளை மேடையேறி ஆடுவதில்லையா? அப்படித்தான். எமது வீட்டில் எல்லோருக்கும் ஒருமித்துப் பிடித்தது இந்த ஒன்றுதான்.

'ஹசல்' பாட்டின் தொடக்கத்தில் கேரளக் கரையில் மீனவர்கள் வள்ளம் இழுக்கும்போது எழுப்பும் குரல் வருகிறது. எமது கரையோர மக்கள் ஏலேலோ போடுவார்களே, அந்த இழுவைதான். அதோடு நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த லண்டன் இளைஞர் ஆபிரிக்கன் போய் வந்து சேர்ந்து பாடுகிறார். பெல்ற்றில் எமக்குப் பக்கத்தில் நிற்கும் நைஜீரிய நண்பரிடம் இடைவேளையில் இதைப் போட்டுக் காட்டினோம். மூன்று வருடமாக அவரோடு நின்று வேலை செய்தும், "கூல்", "ரயர்ட்", "பிறேக்" என்ற மூன்று சொல்லைத் தவிர நாம் கதைத்தது குறைவு. அன்று அரைமணித்தியாலம் கதைத்தோம். அவர் ஊரிலும் வலை இழுக்கும்போது பாட்டு உண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். 'மாங்கோ பிக்கிள் டவுன் றிவர்' பாட்டில் அவுஸ்திரேலிய ஆதிவாசிச் சிறுவர்கள் பாடுகிறார்கள். டிஜரிடூ என்ற அவர்களது நீளக் குழலின் முழக்கம் அடிவயிற்றில் கேட்கும். 'ருவென்ரி டொலர்' ஆபிரிக்காவில் துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதைப் பற்றியது. இரவில் கேட்க மனம் வரவில்லை. 'எக்ஸ் ஆர் 2' பழைய போர்ட் கார் ஒன்றைப் பற்றியது. எமக்கு வெறும் சத்தமாகத்தான் பட்டது, மகனுக்கு அதுதான் விருப்பம். 'த ரேர்ண்' இழுவை. கடைசிப் பாட்டில் அமெரிக்காவின் பெரிய தயாரிப்பாளர் ரிம்பலாண்ட் வருகிறார். அவர் வந்தும் எமக்கு ருசிக்கவில்லை.

ரிம்பலாண்ட் ஏன் கடைசியில் மட்டும் வருகிறார் என்பதில் ஒரு சங்கதி உண்டு. 2006 இல் மாயா அமெரிக்காவில் வேலை செய்ய நினைத்தபோது வீசா கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் பிறந்து, முதல் இறுவட்டில் பெயரெடுத்த ஒருவருக்கே அந்தக் கதி! அவர் வீட்டில் குந்தியிருக்கவில்லை. இந்தியா, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று போய்ப் போய் அங்கங்கே கேட்டதைச் சேர்த்தார். ஒரு கதவு பூட்டிக் கிடந்ததால் இந்த இறுவட்டுக்குள் இத்தனை ஊர் வந்து சேர்ந்தது. உள்துறையின் கடிதத்துக்காக மாதக்கணக்கில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். காத்திருக்கும் காலமும் எமது காலம்தான். அதற்குள் ஒரு மொழியைப் படிக்கலாம், ஒரு கைத்தொழிலைப் பழகலாம்.

வெடிச்சத்தம்

பதினோராவது பாட்டு 'பேப்பர் பிளேன்ஸ்'. உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு இதுதான். அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடம்வரை போனது. 2009 கிராமி விருதுக்கு அந்த வருடத்தின் சிறந்த ஒலிப்பதிவு என்ற பிரிவில் முன்மொழியப்பட்டது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் வந்தது. அடியில் ஓடும் இசை 'த கிளாஷ்' என்ற லண்டன் குழு 1982 இல் செய்த பாட்டொன்றிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றியதே.

மெட்டு தாலாட்டுப் போல மெதுவாக வரும். பிறகு சின்னப்பிள்ளைகள் கூடிப் பாடுவார்கள். அந்த இடத்தில் துப்பாக்கி வெடிக்கும், திரும்ப லோட் பண்ணும் சத்தம் கேட்கும், கடைக் காசுப்பெட்டி திறக்கும் மணி அடிக்கும். குடியேறி வந்தவனைக் கண்டாலே கள்ளன், கொள்ளைக்காரன் என்று நினைப்பவர்களைக் கேலி செய்யும் பாட்டு அது. "நீங்கள் எங்களைப் பற்றி இப்படித்தானே நினைக்கிறியள்? அப்ப கேளுங்கோ!" என்று அவர்கள் பயத்தையே வாத்தியமாக்கி வாசிக்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்த வெடிச்சத்தத்தை அப்படியே விடவில்லை, அமுக்கியும் மாற்றியும் ஒளிபரப்பின.

இது விளங்கியபிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாட்டுப் போனபோது எமது வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குக் கையால் சுட்டுச் சுட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தாளம். அம்மாவுக்கு அது 2009 மாசி, பங்குனி. கேலி, கிண்டல் எல்லாம் புத்திக்கு விளங்கும். காதுக்கு விளங்காது. நாம் பாட்டை நிறுத்தினோம். மூத்தவள், "ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்று கேட்டாள். அப்பம்மாவே அவளைப் பக்கத்தில் இருத்தி, பங்கருக்குள் இருந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். இதுவரை அவர் எமக்குக்கூடச் சொல்லாத சில விடயங்கள் அதில் இருந்தன.

ஆகவே எமது ஆலோசனை இதுதான். வீட்டில் போரைப் பார்த்த முதியவர்களோ, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவர்களோ இருந்தால் இந்தப் பாட்டைத் திடீரென்று போடாதீர்கள். பிள்ளைகள் காதுக்குள் வைத்துக் கேட்கட்டும். ஏன் அப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் "நிப்பாட்டு!" என்று கத்தினால், எமக்கு அவர்கள் பாட்டுப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இறுவட்டில் சில இடங்களில் கெட்ட சொல்லும் வருகிறது. சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர்கள் முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சத்தம் போடாதே!

புதிதாக வந்த நாம் எல்லோரும் இந்த நாட்டில் முதலில் பழகும் பாடம், சத்தம் போடாமல் இருப்பது. மேல்வீட்டுக்காரன் தட்டுவான், கீழ்வீட்டுக்காரி கடிதம் போடுவாள். பஸ்ஸில் தமிழில் கதைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகளிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "மெல்ல, மெல்ல" என்று சொல்கிறோம்? அயலவருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது, உண்மைதான். ஆனால் மெல்ல மெல்ல என்று சொல்லிச் சொல்லி, எங்கள் சத்தமே வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மாயா அந்த வெட்கத்தைத்தான் தூக்கி எறிகிறார். கோழி கொக்கரிப்பு, பிள்ளைகளின் கூச்சல், மேளம், திருவிழா எல்லாவற்றையும் அள்ளி வந்து முன்னுக்கு வைக்கிறார். 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2007 இன் சிறந்த இறுவட்டாக இதைத் தெரிவு செய்தது.

இதில் எமக்கே ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் பறையடித்தவரை நாம் எங்கே நிறுத்தி வைத்தோம்? செத்தவீட்டுக்கு அவர் வேண்டும், ஆனால் முற்றத்தைத் தாண்டி வரக்கூடாது. தண்ணீர் கொடுத்ததும் வேறு பாத்திரத்தில். அந்த மேளங்களின் இனத்தைச் சேர்ந்த உறுமிதான் இன்று உலக மேடையில் எங்கள் அடையாளமாக முழங்குகிறது. நாம் அதைக் கேட்டு "எங்கட மேளம்!" என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமைக்குரியவர் முற்றத்துக்கு வெளியே நின்றவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். கலியாணம் பேசும்போது இங்கேயும் அந்த முற்றத்துக் கோட்டைக் கீறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாயாவின் அரசியல் பேச்சுகளில் உடன்படுபவர்களும் உண்டு, உடன்படாதவர்களும் உண்டு. அது வேறு பக்கம் எழுதவேண்டியது. இந்தப் பக்கத்துக்கு முக்கியம், மாயா மூன்று எழுத்துப் பெயருக்குப் பின்னால் தன் தாயின் பெயரை மறைக்கவில்லை என்பது. வாயில் நுழையாது என்று இங்கே நாமே எங்கள் பெயர்களை வெட்டிக் குறுக்கிக் கொடுக்கிறோம். பக்டரியில் எம்மைச் 'சிவா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எமது பெயரில் அது கால்வாசி! ஆனால் தைத்துப் பிள்ளை வளர்த்த ஒரு தமிழ்த் தாயின் பெயரை உலகத்துக் கடைகளின் தட்டுகளில் எல்லாம் அப்படியே எழுதி வைக்க முடிந்தது.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலைதான். இந்த வார இறுதியில் பிள்ளையின் அறைக்கதவைத் தட்டி, "நீ கேக்கிறதில உனக்கு நல்லாப் பிடிச்ச ஒண்டைப் போடு" என்று சொல்லி இருந்து கேளுங்கள். முகத்தைச் சுளிக்காமல் மூன்று பாட்டாவது பொறுங்கள். பிறகு உங்கள் பாட்டு ஒன்றைப் போடுங்கள். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். இந்த இசைக்கு அடித்தாளம்தான் உயிர், அது அதில் வராது. நல்ல காதுக்கருவியில் அல்லது ஸ்பீக்கர் பெட்டியில் கேளுங்கள். பக்கத்துவீட்டார் நித்திரைக்குப் போகும் நேரத்துக்கு முன்னர்!

கேட்டவர்கள் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதினால் இன்னும் சந்தோசம். தமிழ் எழுத வராவிட்டால் அப்பம்மாவோ அம்மம்மாவோ கேட்டு எழுதட்டும். அப்படி வரும் கடிதங்களுக்கு முதலிடம்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.